மேசைக்கு வராத கத்தி

இடது கை கோழித் தொடையைப் பலகையோடு அழுத்திப் பிடித்திருந்தது. வலது கையிலிருந்த சிறிய கத்தி எலும்பின் ஓரமாக இறங்கி, மூட்டைக் கண்டுபிடித்து, சத்தமில்லாமல் பிரித்தது. சதை கழன்று வந்தது. தோல், நரம்பு, குருத்தெலும்பு எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கின. மிஞ்சியது ஒரு பிள்ளையின் வாய்க்கு அளவான துண்டுகளாகியது. துண்டுகள் ஏறத்தாழ ஒரே அளவு, ஆனால் ஒரே வடிவம் இல்லை. ஒரே வடிவமாக இருந்தால் யாரோ வெட்டிக் கொடுத்தது தெரிந்துவிடும். அதையும் யோசித்துத்தான் அந்தக் கைகள் வெட்டின. மேலே குழம்பு விழுந்ததும் கத்தி பட்ட இடம் தெரியாமல் போயிற்று. கத்தி கழுவப்பட்டு சமையலறை லாச்சிக்குள் போனது. அதன் பிறகுதான் தட்டு மேசைக்குப் போனது.

மேசையில் ஏழு வயது றெக்சன் காத்திருந்தான்.

"அப்பா, இது கால் துண்டோ?"

"ஓம் ராசா, கால் துண்டுதான்."

"அப்ப எலும்பு எங்க?"

"எலும்பை நான் திண்டிட்டன்."

றெக்சன் சிரித்தான். வலது கையால் சோற்றையும் இறைச்சியையும் சேர்த்துக் குழைத்து, ஒரு பருக்கை சிந்தாமல் வாயில் வைத்தான். இடது கை மடியில் கிடந்தது. அது பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான். பிறக்கிற நேரத்தில் மூளையின் ஒரு பக்கத்துக்கு இரத்தம் போகாததால் அந்தக் கைக்குச் சொன்னது கேட்காது. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி நிற்கும். இழுத்து விரித்து, ஷீனெ என்று இங்கே சுவிஸில் சொல்லும் பிளாஸ்டிக் தாங்கியைக் கட்டினால் சற்று நேரம் நேராக இருக்கும்.

வெட்டிய கைகள் யேசுதாசனுடையவை. ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் அவர் வேலை செய்தார். மன்னாரிலிருந்து வந்த புதிதில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். கழுவிக்கொண்டே, பக்கத்தில் நின்ற சமையற்காரர்களின் கைகளைப் பார்த்தார். வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கில் பழகினார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஒருநாள் ஆள் குறைந்தபோது, "இதை வெட்டு" என்று ஒரு பெட்டி வெங்காயத்தைத் தள்ளிவிட்டார்கள். அதன் பிறகு அவர் கோப்பை கழுவவில்லை.

முதியோர் இல்லத்துக்கு வந்தபோது தலைமைச் சமையற்காரர் ஒரு விதியைச் சொன்னார். பல் இல்லாதவர்களுக்கும் கை நடுங்குகிறவர்களுக்கும் உணவை வெட்டிக் கொடுக்க வேண்டும். ஆனால் அதைச் சாப்பாட்டு மண்டபத்தில் செய்யக்கூடாது. சமையலறையிலேயே முடித்துவிட வேண்டும். தட்டு வரும்போது மற்றவர்களின் தட்டைப் போலவே இருக்க வேண்டும். முன்பு நீதிபதியாக இருந்த கிழவர் ஒருவர் தன் தட்டில் ஒரு தாதி கத்தியை வைப்பதைக் கண்டு, அன்று முழுதும் சாப்பிடாமல் இருந்தாராம். யேசுதாசனுக்கு அந்த விதி பிடித்துப்போயிற்று. அதை வீட்டுக்கும் கொண்டுபோனார். றெக்சன் தானாகச் சாப்பிடத் தொடங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் கத்தி மேசைக்கு வந்ததில்லை. முட்டை, இறைச்சி, அப்பிள், தோசை எல்லாம் உள்ளேயே சின்னதாகிவிடும். யேசுதாசன் வேலைக்குப் போன நாட்களில் மனைவி பெர்னடெற் அதையே செய்தாள். இது ஒரு உதவி என்று இருவரும் நினைக்கவில்லை. சமையல் என்றே நினைத்தார்கள்.

அதனால்தான் 2014 வசந்தத்தில் ஒரு தவறு நடந்தது.

குறையோடு பிறக்கும் பிள்ளைகளுக்கு, எல்லோருக்கும் உள்ள மருத்துவக் காப்புறுதிக்கு மேலாக, சுவிற்சர்லாந்தில் அரசின் காப்புறுதி ஒன்று உண்டு. ஐவி என்பார்கள். றெக்சனின் சிகிச்சையையும் ஷீனெயையும் ஐவி முன்பே பொறுப்பெடுத்திருந்தது. இப்போது பெற்றோர் கேட்டிருந்தது வேறு. அன்றாடம் இன்னொருவரின் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு ஐவி ஒரு கொடுப்பனவு தரும். அது கிடைத்தால் பெர்னடெற் அலுவலகங்கள் துப்புரவாக்கும் மாலை வேலையை விட்டுவிட்டு, பின்னேரங்களில் றெக்சனின் கையோடு இருக்கலாம். அந்தக் கையை ஒவ்வொரு நாளும் இழுத்து, நீவி, விரிக்க வேண்டும். கடந்த ஒரு வருடமாக அது ஒழுங்காக நடக்கவில்லை. மணிக்கட்டு இறுகத் தொடங்கிவிட்டது, இப்படியே விட்டால் பிறகு ஒப்பரேசன் செய்தாலும் நிமிராது என்று சிகிச்சையாளர் எச்சரித்திருந்தார்.

ஆறு காரியங்களைப் பார்ப்பார்கள்: உடுத்தல், எழுந்து உட்கார்தல், சாப்பிடுதல், குளித்தல், கழிப்பறை, வெளியே போய்வருதல். அதே வயதுப் பிள்ளைக்குத் தேவைப்படாத உதவி இவற்றில் இரண்டிலாவது தேவைப்பட வேண்டும். ஐவியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

வந்தவர் திருமதி கெல்லர். நரைத்த குட்டை முடி, முதுகுப்பை, மெதுவான பேச்சு. அவர் வரும் முன் பெர்னடெற் யன்னல் கண்ணாடிகளைக்கூடத் துடைத்திருந்தாள். கையில் பிடித்துக் கடிக்கும் ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். றெக்சனுக்குத் தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, "வாற ஆன்ரிக்கு முன்னால கெட்டித்தனமா இருக்கவேணும், சரியோ?" என்று பலமுறை சொல்லியிருந்தாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டிக்கு அனுப்புவது போலவே அனுப்பினாள். வீட்டுக்கு வருகிற வெளியாள் முன் பிள்ளையை வேறு எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியாது.

உடுத்துவதில் ஒளிக்க முடியவில்லை. ஷீனெயும் சப்பாத்தும் மாட்டுவதைத் திருமதி கெல்லர் கண்ணால் பார்த்தார். பிறகு கேட்டார்: "சாப்பாடு? தானாகச் சாப்பிடுவானா?"

"ஓம், எல்லாம் தானாக" என்று யேசுதாசன் ஜெர்மனில் சொன்னார்.

"நான் ஒரு நாளும் சோறு தீத்தினதில்லை எண்டு சொல்லுங்கோ" என்று பெர்னடெற் பக்கத்திலிருந்து தூண்டினாள். அவர் அதையும் சொன்னார். றெக்சன் இரண்டு ரோல்ஸை அழகாகச் சாப்பிட்டுக் காட்டினான். திருமதி கெல்லர் மூன்றாவது ரோல்ஸை எடுத்துக்கொண்டு எழுதினார்.

கோடை தொடங்கும்போது முடிவு வந்தது. உடுத்துவதில் உதவி தேவை. சாப்பிடுவதில் தேவையில்லை, பெற்றோரே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் போதாது. மறுத்துச் சொல்வதாக இருந்தால் ஒரு மாதத்துக்குள் சொல்லலாம்.

"அவன் தானாத்தானே சாப்பிடுறான்" என்றாள் பெர்னடெற். "உள்ளதைத்தானே சொன்னனாங்கள். கடவுள் விட்ட வழி."

யேசுதாசனும் அப்படித்தான் நினைத்தார், அந்த வியாழக்கிழமை வரை.

வேலை மாறியதால் அன்று றெக்சனைப் பள்ளியின் மதியச் சாப்பாட்டு நிலையத்திலிருந்து அவரே கூட்டிவரப் போனார். பொறுப்பாளராக இருந்த பெண் அவரைக் கண்டதும் வாசலுக்கு வந்தாள். "உங்கள் மதத்தில் இறைச்சி விலக்கு என்று றெக்சன் சொன்னான். அதனால் அவனுக்கு எப்போதும் குட்டி நூடில்ஸ் வைக்கிறோம். அது போதுமா? வேறு ஏதும் விலக்கு உண்டா?"

ஒவ்வொரு ஞாயிறும் தமிழ்த் திருப்பலியில் பாட்டுப் பாடுகிற யேசுதாசன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "போதும், நன்றி" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மரப்பாலத்தில் ஏறினார்கள். பலகைகளுக்குக் கீழே ஆரே ஆறு கலங்கி ஓடியது.

"டேய், நீ எப்ப சைவமானனீ?"

றெக்சன் புத்தகப்பையின் வாரைக் கடித்தான். "எங்கட வகுப்பு நிலன் வெள்ளிக்கிழமையில சைவம்தானே."

"இண்டைக்கு வியாழன்."

"நான் எல்லா நாளும்."

"நேற்றுக் கோழி திண்டது ஆர்?"

"வீட்டுக் கோழி சின்னன். அங்கத்தையான் பெரிசு."

யேசுதாசன் நின்றுவிட்டார்.

"பெரிசெண்டா?"

"பெரிய துண்டு. கத்தியால வெட்டவேணும். முள்ளுக்கரண்டி ஒரு கையில, கத்தி மற்றக் கையில." றெக்சன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். மற்றதைத் தூக்கவில்லை. "எல்லாரும் பாப்பினம். லூக்காஸ் என்னை பேபி எண்டு சொன்னவன். அதான் சாமி கும்பிடுறனாங்கள், சாப்பிடக்கூடாது எண்டு சொல்லிட்டன்."

"எந்தச் சாமியெண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டவை. எல்லாச் சாமியும் எண்டன்."

இன்னொரு நாளாக இருந்தால் யேசுதாசன் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இப்போது அவருக்குத் தன் வீட்டுப் பலகையும், சின்னக் கத்தியும், ஒரே வடிவமாக இல்லாத துண்டுகளும் கண்ணுக்கு முன் வந்தன. தன் மகனால் இறைச்சி வெட்ட முடியாது என்பதே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அதைத் தெரியாமல் வைத்திருந்தது தன்னுடைய கத்திதான்.

*

ஊனமுற்றோருக்கான ஆலோசனை நிலையத்தில் சிவானுஜா வேலை செய்தாள். சுவிஸிலேயே, ஊஸ்டரில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் தொடங்கி, சட்டம் வந்ததும் ஜெர்மனுக்குப் போய், மறுபடி தமிழுக்கு வருவாள். யேசுதாசன் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டுப் பேனையை வைத்தாள்.

"அங்கிள், இது கணக்கில வரும். தானா வாயில வைச்சாலும், சாப்பாட்டை வெட்ட ஏலாட்டி அது உதவி தேவைதான். விரலால மட்டும்தான் சாப்பிட முடியும் எண்டாலும் வரும்."

"விரலால சாப்பிட்டாலோ?"

"ஓம்."

"அப்ப மன்னார்ச் சனம் முழுக்க ஐவி எடுக்கலாமே, பிள்ளை."

சிவானுஜா சிரிப்பை அடக்கினாள். "எடுக்கலாம் எடுக்கலாம். முதல்ல றெக்சனுக்கு எடுப்பம்." பிறகு அவள் முகம் மாறியது. "ஒரு பிரச்சினை இருக்கு. முதல் தரம் நீங்க சொன்னதைத்தான் அவை கூடுதலா நம்புவினம். ஒரு ஆள் முதல்ல யோசிக்காமச் சொல்லுறதுதான் உண்மை, பிறகு சொல்லுறது ஆரோ சொல்லிக் குடுத்தது எண்டு எடுப்பினம். இது கோர்ட்டிலயும் அப்படித்தான்."

"அப்ப நாங்கள் பொய் சொன்னதெண்டோ?"

"இல்லை அங்கிள். நீங்க வெட்டிக் குடுத்திட்டு, அவன் தானாச் சாப்பிடுறான் எண்டு சொல்லியிருக்கிறீங்க."

யேசுதாசன் குனிந்து தன் கைகளைப் பார்த்தார்.

"மறுப்பு நான் எழுதுறன். சாப்பாட்டு நேரத்தில திரும்ப வந்து பாக்கச் சொல்லிக் கேக்கிறன். வந்தா ஒண்டும் நடிக்கக்கூடாது. ஸ்கூல்ல என்ன சாப்பாடோ அதைச் செய்யுங்கோ. வெட்டாமக் குடுங்கோ. நீங்களும் ஆன்ரியும் வாயே திறக்கக்கூடாது."

"அவன் ஏலாம நிண்டா?"

"அதைத்தான் அவை பாக்கவேணும்."

வீட்டில் பெர்னடெற் இதைக் கேட்டதும் கையிலிருந்த துணியை நிலத்தில் போட்டாள். "ஒரு வெள்ளைக்காரியைக் கூப்பிட்டு இருத்தி வைச்சு, என்ர பிள்ளை ஏலாதவன் எண்டு காட்டச் சொல்லுறீங்களோ? அவன் என்ன சேர்க்கஸோ?"

"காட்டச் சொல்லேல்லை. ஒளிக்காம விடச் சொல்லுறன்."

"ஏலாது எண்ட சொல்லை நான் அவனுக்கு முன்னால ஒரு நாளும் சொன்னதில்லை."

"நானும்தான் சொன்னதில்லை. அவனுக்கு அந்தச் சொல்லே தெரியாது. அதால சைவமாயிட்டான்."

பெர்னடெற் கோபத்தோடு இருந்தவள் அந்தக் கடைசி வார்த்தையில் தடுமாறினாள். சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. அடுத்த அறையிலிருந்த றெக்சனைக் கூப்பிட்டு, அவன் இடது கையை எடுத்து மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினாள். சின்ன விரல் நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். "நோகுதம்மா" என்றான் அவன். போன வருடம் அந்த விரல் இந்த அளவுக்கு நோகவில்லை. அவள் விட்டுவிட்டு வேலைக்கு உடுப்பு மாற்றப் போனாள்.

"வரச் சொல்லுங்கோ" என்று உள்ளே இருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

திருமதி கெல்லர் மீண்டும் வரச் சம்மதித்தார். புதன்கிழமை மதியம், பள்ளி விட்டதும்.

அதற்கு முந்தைய ஞாயிறு, கோவிலிலிருந்து வந்து எல்லோரும் சற்றுச் சாய்ந்திருந்த நேரம், சமையலறையில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. யேசுதாசன் எழுந்து போனார். றெக்சன் முக்காலியில் ஏறி நின்றான். பலகையில் காலையில் மிஞ்சிய பாண் துண்டு. அதை இடது மணிக்கட்டால், உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு, அமத்திப் பிடித்திருந்தான். வலது கையில் அப்பாவின் சின்னக் கத்தி. அது பாணில் பாதியும் அவன் இடது கையில் பாதியுமாக இறங்கிக்கொண்டிருந்தது. கையில் இரண்டு மூன்று கீறல்கள், ஒன்றில் இரத்தம். அந்தக் கைக்கு உணர்வு குறைவு. அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

யேசுதாசன் பாய்ந்து கத்தியைப் பிடுங்கினார். அடிக்கத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது.

"என்னடா செய்யிறாய்?"

"ஆன்ரி வாறா எல்லே. பழகிறன்."

"ஆர் சொன்னது பழகச் சொல்லி?"

"அம்மா போன தரம் கெட்டித்தனமா இருக்கச் சொன்னவ. ஆன்ரிக்கு முன்னால வெட்டிக் காட்டினா நான் பெரிய ஆள்." அவன் கத்தியைப் பார்த்தபடி சொன்னான். "நீங்களும் கோப்பை கழுவிக் கழுவி உருளைக்கிழங்கிலதானே பழகினீங்கள்."

யேசுதாசன் அவனைத் தூக்கிக் கழுவும் தொட்டிக்குக் கொண்டுபோனார். தண்ணீரில் கீறல்களைக் கழுவினார். பிளாஸ்டர் ஒட்டினார். ஒரு கையால் வெட்ட அவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அதற்கென்று கத்தியும், உணவை அசையாமல் பிடிக்க முள்ளு வைத்த பலகையும் இருப்பது அவருக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கை இறுகிவிட்டால் எந்தப் பலகையும் அதை நிமிர்த்தாது. பிறகு சட்டைக்கும் அந்தக் கை வராது, சைக்கிளுக்கும் வராது.

"தம்பி, புதன்கிழமை ஆன்ரி கேட்டா, ஏலுமெண்டா ஏலும் எண்டு சொல்லு. ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லலாம்."

"ஏலாது எண்டு நீங்களும் அம்மாவும் ஒரு நாளும் சொன்னதில்லையே."

"ஓம். சொன்னதில்லை."

"அப்ப?"

"இப்ப சொல்லலாம் எண்டு சொல்லுறன்."

றெக்சன் பிளாஸ்டரைத் தடவிப் பார்த்தான். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

*

புதன்கிழமை யேசுதாசன் பன்றி இறைச்சியைத் தட்டித் தட்டி மெல்லியதாக்கி, மாவிலும் முட்டையிலும் பாண் தூளிலும் புரட்டி, ஷ்னிட்செல் பொரித்தார். பக்கத்தில் உருளைக்கிழங்கும் கரட்டும். கரட்டை எடுத்தவுடன் கை தானாகச் சின்னதாக வெட்டப் போனது. நிறுத்தினார். வேலையிடத்தில் ஆயிரம் ஷ்னிட்செல் செய்திருக்கிறார். எதற்கும் கை இப்படித் தயங்கியதில்லை. மேசையில் பெர்னடெற் நான்கு தட்டும், நான்கு முள்ளுக்கரண்டியும், நான்கு கத்தியும் வைத்தாள். கத்திகளைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றாள்.

திருமதி கெல்லர் வந்து கைகுலுக்கினார். போன முறை சிரித்ததைவிட இந்த முறை குறைவாகவே சிரித்தார். "போன தடவை எல்லாம் தானாகச் சாப்பிடுவான் என்றீர்கள்" என்றார் உட்காரும்போதே. "இப்போது வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். நான் இரண்டையும் புரிந்துகொள்ள வேண்டும்."

"நீங்களே பாருங்கள்" என்றார் யேசுதாசன்.

றெக்சனின் தட்டில் முழு ஷ்னிட்செல் இருந்தது. தட்டின் விளிம்பைத் தாண்டி இரண்டு பக்கமும் தொங்கியது. அவன் அதைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பெர்னடெற் தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டாள்.

அவன் வலது கையால் கத்தியை எடுத்தான். இடது கையைத் தூக்கி மேசையில் வைத்தான். பிளாஸ்டர்களைக் கண்ட திருமதி கெல்லரின் பேனை நின்றது. "இது என்ன?"

"பழகினேன்" என்றான் றெக்சன் ஜெர்மனில். "இன்றைக்காக."

"எதைப் பழகினாய்?"

"வெட்ட."

அவர் யேசுதாசனைப் பார்த்தார். யேசுதாசன் மேசையைப் பார்த்தார்.

றெக்சன் ஞாயிற்றுக்கிழமை செய்தது போலவே மணிக்கட்டை இறைச்சியின் மேல் வைத்து, எழும்பி நின்று, பாரத்தைப் போட்டான். கத்தி பாண் தூளில் வழுகியது. மறுபடி வைத்தான். அறுத்தான். நாக்கு வெளியே வந்திருந்தது. சட்டையின் கைநுனி எண்ணெயில் தோய்ந்தது. ஓரத்தில் தொங்கிய பகுதி ஆடி, ஆடி, கிழிந்து, தனியாக வந்தது.

ஒரு துண்டு.

பெர்னடெற்றின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சந்தோஷமா பயமா என்று யேசுதாசனுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் தன் நெஞ்சிலும் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. மகன் வெட்டிவிட்டான். மகன் வெட்டிவிட்டான் என்று இப்போது எழுதுவார்கள். கொடுப்பனவு வராது, சின்ன விரல் நிமிராது. அவர் மேசைக்குக் கீழே ஒரு முழங்காலை மற்றதில் அழுத்தினார். வாயைத் திறக்கவில்லை.

றெக்சன் அந்தத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்.

"மிகவும் நல்லது" என்றார் திருமதி கெல்லர். "மிச்சத்தையும் வெட்டுவாயா?"

அவன் மறுபடி எழும்பினான். இந்த முறை தொங்கும் ஓரம் இல்லை. கத்தியை வைத்த இடத்திலிருந்து இறைச்சி வட்டமாகத் திரும்பியது. மணிக்கட்டை இடம் மாற்றினான். திரும்பவும் சுழன்றது. உருளைக்கிழங்கு ஒன்று மேசையில் உருண்டு பெர்னடெற்றின் பக்கம் போய் நின்றது. அவள் அதை எடுக்கவில்லை. இன்னும் பலமாக அமத்தினான். தட்டு ஒரு பக்கம் எழும்பி, ஷ்னிட்செல் வழுகி, திருமதி கெல்லரின் பக்கமாகப் பாதித் தூரம் போய் நின்றது. கரட்டும் எண்ணெயும் மேசை விரிப்பில்.

றெக்சனின் காது சிவந்தது. கத்தியை விடாமல் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தான். யேசுதாசனுக்கு எழும்ப வேண்டும் போலிருந்தது. கைகள் தாமாகவே மேசை விளிம்புக்கு வந்துவிட்டன. அங்கேயே நிறுத்தினார். மகனின் கண்ணை மட்டும் விடாமல் பார்த்தார்.

"ஏலாது அப்பா" என்றான் றெக்சன், மிக மெதுவாக.

"ஆன்ரிக்குச் சொல்லு ராசா. அவவுக்குத் தமிழ் விளங்காது."

அவன் மூச்சை இழுத்துக்கொண்டு திரும்பினான். "என்னால் முடியாது" என்றான் ஜெர்மனில். "வீட்டில் அப்பாதான் வெட்டுவார். உள்ளே. பிறகுதான் கொண்டுவருவார்."

"எப்போதுமா?"

"எப்போதும். அப்பிளும்தான்."

"பள்ளியில் யார் வெட்டுவார்கள்?"

"பள்ளியில் நான் சைவம்."

திருமதி கெல்லர் பெற்றோரைப் பார்த்தார். யேசுதாசன் முதல்முறையாகப் பேசினார். முதியோர் இல்லத்து விதியைச் சொன்னார். நீதிபதியாக இருந்த கிழவரைச் சொன்னார். வீட்டில் சோறு, கறி, ஒரு கையால் சாப்பிடுவது, அதில் ஒன்றும் தெரியாமல் போனது, பாலத்தில் மகன் சொன்ன கதை எல்லாம் சொன்னார். "நீங்கள் தானாகச் சாப்பிடுவானா என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். எனக்கே தெரியாது. நான் வெட்டுவதை நான் எண்ணவில்லை."

திருமதி கெல்லர் பேனையைக் கீழே வைத்தார். றெக்சனின் இடது கையைக் காட்டி, "தொடலாமா?" என்று அவனிடமே கேட்டார். அவன் தலையாட்டியதும் பிளாஸ்டர்களைச் சுற்றி மெதுவாகப் பார்த்தார். மடங்கிய சின்ன விரலை நிமிர்த்திப் பார்த்து, அவன் முகம் சுளிக்கவும் விட்டார்.

"முடியாதது போல் நடிக்க ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அதை நான் பார்த்திருக்கிறேன்" என்றார். "முடிய வேண்டும் என்று கையை வெட்டிக்கொண்ட பிள்ளையை இன்றுதான் பார்க்கிறேன்." பேனையை எடுத்து எழுதினார். "முடிவை அலுவலகம்தான் எழுதும். ஆனால் என் அறிக்கையில் உடுத்துவது ஒன்று, சாப்பிடுவது இரண்டு. நான் கண்டதைத்தான் எழுதுகிறேன். இதில் மாற்றமில்லை."

சிவானுஜா இரண்டு போதும் என்று சொல்லியிருந்தாள். யேசுதாசன் மனைவிக்கு அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. பெர்னடெற் தொடைக்குக் கீழிருந்த கைகளை எடுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். உள்ளங்கைகளில் கதிரையின் பின்னல் பதிந்திருந்தது.

"அம்மா, உங்கட உருளைக்கிழங்கு" என்றான் றெக்சன்.

அவள் முகத்தை மூடியபடியே சிரித்தாள். "போடா சைவக்காரா."

"சாப்பாடு ஆறுகிறது" என்றார் திருமதி கெல்லர், தன் முள்ளுக்கரண்டியை எடுத்தபடி. "அவனும் சாப்பிட வேண்டுமே."

யேசுதாசன் எழும்பி, மேசை நடுவில் கிடந்த ஷ்னிட்செலை எடுத்துத் தட்டில் வைத்தார். பழக்கத்தில் தட்டோடு சமையலறைப் பக்கம் இரண்டடி நடந்தார். பிறகு நின்றார். திரும்பி வந்தார். மேசையிலேயே, மகனுக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கத் தட்டை வைத்தார். இடது கையில் முள்ளுக்கரண்டி, வலது கையில் மேசைக்கத்தி. அது அவருடைய கத்தியைப் போலக் கூரில்லை. மெதுவாகவே வெட்ட வேண்டியிருந்தது. றெக்சன் ஒவ்வொரு வெட்டையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரிசா வெட்டுங்கோ அப்பா."

"எவ்வளவு பெரிசு?"

"லூக்காஸின்ர அளவு."

யேசுதாசன் பெரிதாக வெட்டினார். இந்த முறை வடிவத்தை மாற்றவில்லை. நேராக, சதுரம் சதுரமாக, கத்தி பட்ட இடம் தெரிய வெட்டினார். கத்தியைத் தட்டோரம் வைத்து, முள்ளுக்கரண்டியைத் துடைத்து, அதை மகனின் வலது கைப்பக்கம் திருப்பினார்.

"இந்தா ராசா" என்று தட்டை அவன் முன்னால் வைத்தார்.